எம்எஸ் ஆஃபீஸ் லைசென்ஸ் கீ: போடுவது, மாற்றுவது, தொலைந்தால் என்ன செய்வது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைப்பிங் சென்டர், ஆடிட்டர் அலுவலகம், பள்ளிக்கூட அலுவலக அறை, வீடு என்று கம்ப்யூட்டர் வேலைக்காக எங்கே போனாலும் ஆஃபீஸ் லைசென்ஸ் பற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்பவர்கள் கேட்கிற மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். எல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்கானவை. மெனு பெயர்களைத் திரையில் தெரிகிறபடியே கொடுத்திருக்கிறேன்.

1. கீ, கீ என்கிறார்களே, அது எப்படி இருக்கும்?

25 எழுத்துகள். ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் கோடு போட்டிருக்கும். பெட்டியாக வாங்கினால் உள்ளே ஒரு அட்டை இருக்கும். அதில் சுரண்டினால் தெரியும். ஆன்லைனில் வாங்கினால் மெயிலில் வரும். புது லேப்டாப்போடு வந்த ஆஃபீஸுக்குப் பெரும்பாலும் அட்டையே இருக்காது (7-ஆம் கேள்வியைப் பாருங்கள்).

2. லேப்டாப்புக்கு அடியில் ஸ்டிக்கரில் ஒரு கீ இருக்கிறதே, அதைப் போட்டால் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

அது விண்டோஸ் கீ. அதற்கும் 25 எழுத்து என்பதால் குழப்பம் வருகிறது. ஆஃபீஸுக்குத் தனி கீ வேண்டும்.

3. 365 என்கிறார்கள், 2021 என்கிறார்கள், 2024 என்கிறார்கள். என்னிடம் இருப்பது எது?

வேர்டைத் திறந்து ஃபைல் மெனுவில் கீழே இருக்கும் அக்கவுண்ட் என்பதை அழுத்துங்கள். வலது பக்கம் ப்ராடக்ட் இன்ஃபர்மேஷன் என்ற தலைப்பின் கீழே பெயர் இருக்கும். அங்கேயே ‘ப்ராடக்ட் ஆக்டிவேட்டட்’ என்றோ ‘ஆக்டிவேஷன் ரிக்வயர்ட்’ என்றோ காட்டும். இனிமேல் வரும் பதில்களில் ‘அக்கவுண்ட் பக்கம்’ என்று நான் சொல்வது இதைத்தான்.

365 என்று இருந்தால் சந்தா. மாதத்துக்கோ வருடத்துக்கோ பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2019, 2021, 2024 என்று ஆண்டு போட்டிருந்தால் ஒரே தடவை பணம் கட்டி வாங்கியது. ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் என்று இருந்தால் அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும். கடையிலோ அலுவலகத்திலோ தொழிலுக்குப் பயன்படுத்த அதில் உரிமை இல்லை. 2024-இல் அதற்குப் பதிலாக வந்தது ‘ஹோம்’. தொழிலுக்கு என்றால் ‘ஹோம் அண்ட் பிசினஸ்’ வாங்க வேண்டும். அவுட்லுக் வருவதும் அதில்தான்.

4. புது கீ வாங்கிவிட்டேன். எங்கே போய் அடிப்பது?

வேர்டுக்குள் தேடாதீர்கள். ப்ரவுசரில் செட்டப் டாட் ஆஃபீஸ் டாட் காம் என்ற முகவரிக்குப் போங்கள். முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போகச் சொல்லும். கணக்கு இல்லையென்றால் உங்கள் ஜிமெயில் முகவரியை வைத்தே ஒன்று தொடங்கலாம். அப்புறம் கீயை அடித்து, நாட்டையும் மொழியையும் தேர்ந்தெடுத்தால் லைசென்ஸ் அந்தக் கணக்கில் ஏறிவிடும். அங்கேயே இன்ஸ்டால் பொத்தான் இருக்கும். இறக்கி, நிறுவி, வேர்டைத் திறந்து அதே மெயிலில் சைன் இன் செய்தால் வேலை முடிந்தது.

இதில் ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் தரும் டோக்கன் மாதிரிதான் இந்த கீ. டோக்கனைக் கொடுத்துப் பொருளை வாங்கிய பிறகு அந்தத் துண்டுச் சீட்டுக்கு வேலை இல்லை. பொருள் எந்தக் கார்டில் பதிவானது என்பதுதான் கணக்கு. அதே மாதிரி, கீயை ஒருமுறை கணக்கில் ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் லைசென்ஸ் அந்த மெயில் கணக்குதான். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இது தெரியாததால் வருபவை.

5. கடைக்காரரே கீ போட்டு ரெடி பண்ணிக் கொடுத்துவிட்டார். அது போதும்தானே?

அவர் எந்த மெயிலில் ஏற்றினார் என்று கேளுங்கள். கடையின் பொது மெயிலில் ஏற்றிக் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அவர் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. வாடிக்கையாளர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு நாளைக்குத் தன்னிடம்தான் வந்து நிற்பார் என்பதால் செய்கிறார். ஆனால் இரண்டு வருடம் கழித்து விண்டோஸை மறுபடி போட வேண்டி வரும்போது, பணம் கட்டியது நீங்கள், லைசென்ஸ் அவர் கையில் என்று ஆகிவிடும்.

அக்கவுண்ட் பக்கத்தில் ப்ராடக்ட் பெயருக்குக் கீழே ‘பிலாங்ஸ் டு’ என்று ஒரு வரி இருக்கும். அதில் இருப்பது உங்கள் மெயிலா என்று இன்றைக்கே பாருங்கள். ஒரு கணக்கில் ஏறிய லைசென்ஸைத் தனியாகப் பிரித்து இன்னொரு கணக்குக்கு மாற்ற வழி இல்லை. ஆகவே புதிதாக வாங்கும்போது கடையிலேயே நின்று உங்கள் மெயிலைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் மொபைலுக்கு ஓடிபி வந்தால் சரியான கணக்கு என்று அர்த்தம்.

6. அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் அடிக்கிறேன். தப்பு கீ என்றே வருகிறதே?

கீயில் எல்லா எழுத்துகளும் வராது. ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் கிடையாது. எல், எஸ், இசட் மூன்றும் கிடையாது. எண்களில் 0, 1, 5 கிடையாது. அதனால் உங்கள் கண்ணுக்குப் பூஜ்யமாகத் தெரிவது டி அல்லது க்யூவாக இருக்கும். யூ மாதிரி இருந்தால் அது வி. எஸ் அல்லது 5 மாதிரி இருந்தால் 8, 6, 3 இவற்றில் எது என்று மறுபடி பாருங்கள்.

மீதியில் ஏமாற்றுபவை இரண்டு ஜோடிதான்: பி-யும் 8-ம், ஜி-யும் 6-ம். சுரண்டும்போது நாணயத்தால் அழுத்தித் தேய்த்தால் எழுத்தே போய்விடும். நகத்தால் மெதுவாகத் தேய்ப்பது நல்லது. எழுத்து போய்விட்டால் அட்டையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு வாங்கிய இடத்துக்கே போங்கள்.

7. ‘ஆஃபீஸ் லைஃப்டைம் ஃப்ரீ’ என்று சொல்லித்தான் லேப்டாப்பை விற்றார்கள். கீயே தரவில்லையே?

தர மாட்டார்கள். அந்த லைசென்ஸ் லேப்டாப்போடேயே வருகிறது. இணையத்தோடு இணைத்து, வேர்டைத் திறந்து, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன் இன் செய்தால், ‘இந்தக் கம்ப்யூட்டரோடு ஆஃபீஸ் வருகிறது’ என்று அதுவே சொல்லி ஆக்டிவேட் செய்யக் கேட்கும்.

இதற்குக் கெடு உண்டு. லேப்டாப்பில் விண்டோஸை முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். கல்லூரி திறக்கட்டும் என்று பெட்டியிலேயே வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. விண்டோஸைத் தொடங்கிவிட்டு ஆஃபீஸை மட்டும் தள்ளிப்போட்டால்தான் சலுகை கைவிட்டுப் போகும். பில்லில் ஆஃபீஸ் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாடல்களில் வருவது 365-இன் ஒரு மாத ட்ரையல் மட்டும்தான். ‘லைஃப்டைம்’ என்பதும் அந்த லேப்டாப்பின் ஆயுள்தான், உங்கள் ஆயுள் இல்லை.

8. காசு கொடுத்து வாங்கி ஆக்டிவேட் பண்ணிய பிறகும் சந்தா முடிந்துவிட்டது என்று மேலே பட்டை வருகிறதே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். லேப்டாப்போடு வந்த 365 ட்ரையலும் நீங்கள் வாங்கிய 2021 அல்லது 2024-ம் ஒரே கம்ப்யூட்டரில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ட்ரையல் முடிந்ததும் அதன் எச்சரிக்கை வருகிறது. உங்கள் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதறிப்போய் இன்னொரு கீ வாங்கியவர்களும் உண்டு. வாங்காதீர்கள்.

முதலில் அக்கவுண்ட் பக்கத்தில் எந்த மெயில் சைன் இன் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். மகனின் கல்லூரி மெயில், பழைய அவுட்லுக் மெயில் என்று வேறு ஏதாவது இருந்தால் சைன் அவுட் செய்து, கீயை ஏற்றிய மெயிலில் உள்ளே போங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையென்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், 365 என்ற பெயரில் இருப்பதை நீக்குங்கள். சிலவற்றில் அது மொழிக்கு ஒன்றாக இரண்டு மூன்று தடவை இருக்கும். எல்லாவற்றையும் நீக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, உங்கள் கணக்குப் பக்கத்திலிருந்து ஆஃபீஸைப் புதிதாக இறக்கி நிறுவுங்கள். கீயை மறுபடி அடிக்கத் தேவையில்லை. காரணம் 4-இல் இருக்கிறது.

9. கீ மாற்றினால் என் ஃபைல் எல்லாம் போய்விடுமா?

போகாது. லைசென்ஸ் என்பது வேர்டையும் எக்செலையும் திறக்கும் உரிமை மட்டுமே. ஆவணங்கள் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஆஃபீஸையே நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

நம் ஊரில் இந்தப் பயம் வருவதற்கு வேறு காரணம் இருக்கிறது. விண்டோஸை ஃபார்மேட் செய்து, ஆஃபீஸ் போட்டு, கீயும் போட்ட பிறகு பழைய ஃபைலைத் திறந்தால் தமிழ் எல்லாம் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கீ மாற்றியதால் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் போனது எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல், அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். எழுத்துருவை மறுபடி நிறுவினால் போதும். யூனிகோடில் அடித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

10. ஏற்கெனவே இருக்கிற கீயை எடுத்துவிட்டு வேறு கீ போடுவது எப்படி?

அக்கவுண்ட் பக்கத்தில் ‘சேஞ்ச் ப்ராடக்ட் கீ’ என்று ஒரு இணைப்பு இருந்தால் அதை அழுத்திப் புது கீயை அடியுங்கள். ‘சேஞ்ச் லைசென்ஸ்’ என்று இருந்தால் வேறு கணக்கில் சைன் இன் செய்ய அது வழி காட்டும்.

புது கீ வேறு பதிப்புக்கானது என்றால் இது நடக்காது. ப்ரொஃபஷனல் பிளஸ் நிறுவியிருக்கும் கம்ப்யூட்டரில் ஹோம் அண்ட் பிசினஸ் கீயை எத்தனை தடவை அடித்தாலும் ஏற்காது. பழையதை நீக்கி, 4-இல் சொன்னபடி புதிதாக இறக்குவதுதான் வழி.

பழைய கீ ஒட்டிக்கொண்டு போக மறுத்தால், ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், அதற்குள் ஆஃபீஸ்16 என்ற ஃபோல்டரில் ஓ, எஸ், பி, பி என்ற நான்கெழுத்துப் பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். 2024 வரைக்கும் ஃபோல்டர் பெயரில் 16-தான் வரும். அதைப் பார்த்துப் பழைய ஆஃபீஸ் என்று நினைக்க வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அந்த ஸ்கிரிப்டை டிஸ்டேட்டஸ் என்ற கட்டளையோடு ஓட்டினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கீயின் கடைசி ஐந்து எழுத்தையும் காட்டும். அன்பிகீ என்ற கட்டளையோடு அந்த ஐந்து எழுத்தைக் கொடுத்தால் அந்த கீ நீங்கிவிடும். கமாண்ட் ப்ராம்ப்ட் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

11. கீ அட்டை தொலைந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கீயை எடுக்க முடியாதா?

முடியாது. 2013 பதிப்பிலிருந்து கம்ப்யூட்டரில் கடைசி ஐந்து எழுத்து மட்டுமே இருக்கும். முழு கீயை எடுத்துத் தருகிறோம் என்னும் சின்னச் சின்ன சாஃப்ட்வேர்களை நம்பி இறக்காதீர்கள். இல்லாததை எப்படி எடுப்பார்கள்?

கீயை ஏற்றிய மெயில் தெரிந்தால் கீயே தேவையில்லை. அக்கவுண்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம் போய், சர்வீசஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில் இன்ஸ்டால் அழுத்துங்கள். மெயில் எது என்று மறந்துவிட்டால், ஃபார்மேட் செய்வதற்கு முன் 5-இல் சொன்ன ‘பிலாங்ஸ் டு’ வரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

12. ஒரு கீ எத்தனை கம்ப்யூட்டருக்கு?

ஆண்டு போட்ட பதிப்பு என்றால் ஒன்றே ஒன்றுக்கு. 365 பர்சனல் ஒருவருக்கு. அவர் ஒரே நேரத்தில் ஐந்து சாதனங்கள் வரை சைன் இன் செய்திருக்கலாம். 365 ஃபேமிலியில் ஆறு பேர் வரை, ஒவ்வொருவரும் தங்கள் சொந்த மெயிலில். குடும்பத்தில் எல்லோரும் அப்பாவின் மெயிலிலேயே உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை.

13. பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. அதிலிருந்த ஆஃபீஸைப் புதியதற்குக் கொண்டுபோகலாமா?

தனியாக அட்டையாகவோ ஆன்லைனிலோ வாங்கியது என்றால் கொண்டுபோகலாம். உங்களுடைய இன்னொரு கம்ப்யூட்டருக்கு, 90 நாளுக்கு ஒருமுறைக்கு மேல் போகாமல் மாற்ற உரிமம் அனுமதிக்கிறது. கம்ப்யூட்டர் பழுதாகி மாற்றுவது என்றால் அந்தக் கணக்கும் இல்லை. பழையதில் நீக்கிவிட்டுப் புதியதில் போடுங்கள். லேப்டாப்போடு வந்தது என்றால் அதோடேயே முடிந்தது, 7-இல் சொன்ன மாதிரி.

14. கரண்ட் போய் வந்தால் ஆஃபீஸ் ‘அன்லைசென்ஸ்டு’ என்கிறது. அப்புறம் தானாகச் சரியாகிறது. கீயில் கோளாறா?

திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்களில் மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று மேலே எழுதியிருக்கும். அது தீர்ந்துபோனால், கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் லைசென்ஸ் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்யுங்கள். கீயைத் தொடவே வேண்டாம்.

15. எங்கள் கல்லூரி லேபில் போட்டுக் கொடுத்த ஆஃபீஸ், வீட்டுக்கு வந்து ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. ஏன்?

நிறுவனங்களுக்கான லைசென்ஸில் கேஎம்எஸ் என்று ஒரு முறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மைக்ரோசாஃப்டைக் கேட்பதில்லை. கல்லூரியின் உள் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு சர்வரைக் கேட்கிறது. கிடைக்கும் ஆக்டிவேஷன் 180 நாள்தான் செல்லும். நெட்வொர்க்கில் இருக்கும்வரை ஏழு நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் அந்த சர்வர் எட்டாது. 180 நாள் முடிந்ததும் நின்றுவிடும்.

லேபிலேயே இருக்கும் கம்ப்யூட்டரில் எஃப்074 என்று முடியும் பிழை எண் வந்தால், சர்வர் கிடைக்கவில்லை என்று பொருள். நெட்வொர்க்கையும், சர்வருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மணி ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்; நான்கு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்காது. புதிதாக லேப் அமைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆஃபீஸுக்குக் குறைந்தது ஐந்து கம்ப்யூட்டர்கள் வந்து கேட்ட பிறகுதான் கேஎம்எஸ் சர்வர் ஆக்டிவேஷன் தரத் தொடங்கும்.

16. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ‘ப்ரொஃபஷனல் பிளஸ் லைஃப்டைம்’ கீ கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். ப்ரொஃபஷனல் பிளஸ் என்பது பெரும்பாலும் நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்படும் பதிப்பு. அங்கே எம்ஏகே என்று ஒரு வகை கீ உண்டு. ஒரே கீயை இத்தனை தடவை ஆக்டிவேட் செய்யலாம் என்று எண்ணிக்கை வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கீ வெளியே கசிந்து, ஒன்றையே பல பேருக்கு விற்கும் வியாபாரம் நடக்கிறது. வாங்கிய அன்றைக்கு வேலை செய்யும். எண்ணிக்கை தீர்ந்தால் மறுபடி போடும்போது சி020 என்று முடியும் பிழை வரும். கீயையே முடக்கிவிட்டால் சி060.

இன்னொரு வகையில் கீயே தர மாட்டார்கள். ஏதோ ஒரு பெயர் தெரியாத நிறுவனத்தின் மெயிலும் பாஸ்வேர்டும் அனுப்புவார்கள். அந்தக் கணக்கின் ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடத்தில், உங்கள் ஃபைல்களை வைத்தால், அந்த நிறுவனத்தின் அட்மின் நினைத்தால் பார்க்கலாம், நினைத்தால் அழிக்கலாம். உங்கள் வாடிக்கையாளரின் பத்திரங்களையும் கணக்குகளையும் அப்படி ஓர் இடத்தில் வைக்க மனம் வருமா?

17. அப்படியென்றால் கிராக், ஆக்டிவேட்டர்? எல்லோரும் அதைத்தானே போடுகிறார்கள்?

இவை கீ வாங்காமலே ஆஃபீஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டு சாஃப்ட்வேர்கள். அவற்றில் பல, 15-இல் சொன்ன கேஎம்எஸ் சர்வரைப் போல உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலி சர்வரை ஓட்டுகின்றன. அதற்காக முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும், அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும். இரண்டையும் கொடுத்த பிறகு அந்த ஃபைல் உள்ளே என்ன செய்தாலும் தடுக்க ஆள் இல்லை. 2021-இல் பிரபலமான ஒரு ஆக்டிவேட்டரின் பெயரில் பரவிய போலி ஃபைல், ப்ரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் கிரிப்ட்பாட் என்ற மால்வேரைக் கொண்டு வந்தது.

ஜிஎஸ்டி லாகினும் நெட் பேங்கிங்கும் செய்யும் அதே கம்ப்யூட்டரில் இதைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பணம்தான் தடை என்றால் 20-ஐப் பாருங்கள்.

18. கீ போடாமல் அப்படியே விட்டால் என்ன ஆகும்?

கொஞ்ச நாள் எச்சரிக்கை வரும். அப்புறம் திறந்து பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். திருத்தவோ புதிதாக அடிக்கவோ முடியாது. 365 வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைக்காவிட்டால், பணம் கட்டியிருந்தாலும் இதே நிலைமைதான். இணைத்தவுடன் சரியாகிவிடும்.

19. என்னுடைய 2016 ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அது முடிந்துவிட்டது என்கிறார்களே?

லைசென்ஸ் முடியவில்லை. 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. மெயிலில் வரும் ஃபைல்களைத் திறக்கும் கம்ப்யூட்டர் என்றால் மாற்றிவிடுவது நல்லது. 2021-க்கு 2026 அக்டோபர் 13 வரை, 2024-க்கு 2029 அக்டோபர் 9 வரை ஆதரவு உண்டு. இப்போது புதிதாக வாங்குபவர்கள் மலிவாகக் கிடைக்கிறது என்று 2021 வாங்க வேண்டாம். விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் 2019, 2021, 2024 எதுவும் ஏறாது.

20. கீயே இல்லாமல், காசும் இல்லாமல் வழி உண்டா?

உண்டு, இரண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் ப்ரவுசரிலேயே வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் இலவசம். இணையம் வேண்டும், சில வசதிகள் குறைவு. இணையமே வேண்டாம் என்றால் லிப்ரேஆஃபீஸ். அது கட்டற்ற மென்பொருள். கீ கிடையாது, கடையிலும் பயன்படுத்தலாம், எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம், தமிழ் இடைமுகமும் இருக்கிறது. வேர்டு ஃபைலைத் திறக்கும், அதே வடிவத்தில் சேமிக்கும். சிக்கலான அட்டவணைகளும் எக்செல் மேக்ரோக்களும் கொஞ்சம் இடம் மாறலாம். கடிதம், விண்ணப்பம், வினாத்தாள், சாதாரணக் கணக்கு இவற்றுக்குத் தாராளமாகப் போதும்.

21. அலுவலகத்துக்குப் பத்து கீ வாங்கி ஒரே மெயிலில் ஏற்றிவிட்டோம். இப்போது எது எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று தெரியவில்லை.

கணக்குப் பக்கத்தில் ஒரே பெயரில் பத்து வரி நிற்கும். அட்டையில் இருக்கும் கடைசி ஐந்து எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்காது. கணக்கிலிருந்து நிறுவும்போது உள்ளே உட்காரும் கீ வேறு, அட்டையில் இருந்த கீ வேறு. அதனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 10-இல் சொன்ன ஸ்கிரிப்டை ஓட்டி, அது காட்டும் ஐந்து எழுத்தைக் கம்ப்யூட்டர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். அடுத்த தடவை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி மெயில் வைத்து ஏற்றுங்கள். பத்துக்கு மேல் போகிறது என்றால் தொழில் நிறுவனங்களுக்கான 365 சந்தாவைப் பாருங்கள். யாருக்கு எந்த லைசென்ஸ் என்று ஒரே திரையில் தெரியும்.

22. வேலையை விட்டுப் போன தம்பியின் சொந்த மெயிலில்தான் எங்கள் லைசென்ஸ் இருக்கிறது. என்ன செய்வது?

லைசென்ஸை வேறு கணக்குக்கு மாற்ற முடியாது என்று 5-இல் சொன்னேன். ஆனால் கணக்கின் மெயில் முகவரியை மாற்ற முடியும். அவரிடம் தன்மையாகப் பேசி, ஒரு பத்து நிமிடம் உதவச் சொல்லுங்கள். அவர் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய், அலுவலக மெயிலை இன்னொரு முகவரியாகச் சேர்த்து, அதையே முதன்மையாக்கி, தன் முகவரியை எடுத்துவிட வேண்டும். சேர்க்கப்போகும் அலுவலக மெயிலில் ஏற்கெனவே வேறு மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்கக் கூடாது. அவர் தன் சொந்த ஒன்டிரைவ் படங்கள், கேம் என்று அதே கணக்கைப் பயன்படுத்தி வந்தால் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். அதுவும் நியாயம்தான், புதிதாக வாங்குவதைத் தவிர வழியில்லை.

ஒத்துக்கொண்டால், பாஸ்வேர்டோடு செக்யூரிட்டி இன்ஃபோ பகுதியில் இருக்கும் மொபைல் எண்ணையும் அவர் எதிரிலேயே மாற்றுங்கள். பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி கையில் இருந்தால் அப்போதே முடியும். அவர் போன பிறகு, பழைய எண் இல்லாமல் எல்லாவற்றையும் மாற்றப் பார்த்தால் 30 நாள் காத்திருக்கச் சொல்லும்.